பாஸ் மார்க் இருநூறு

பிப்ரவரி 11

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல மாமா எழுதுவது. இங்கே நானும் அவனும் சுகம். மழை வருவதற்கு முன்னால் என் முழங்கால் தகவல் சொல்லிவிடுகிறது. வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற ரேடியோ அது ஒன்றுதான். உன் உடம்பு எப்படி? எக்ஸ்ரே அறையில் அந்தக் கனத்த அங்கியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறவள், இடுப்பைப் பார்த்துக்கொள்.

போனில் நீ பேசினால் எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது. ஆயுசு பூராவும் லாரி எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்திருந்த காது. அதனால் நீ எழுதுவதே நல்லது. மாமா ஒரு தடவை படித்தால் போதும், எனக்கு அப்படியே நிற்கும்.

ஆனால் போன கடிதத்தை அவனை மறுபடியும் படிக்கச் சொன்னேன். காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. போன வருஷம் வாங்கிய நாலு டயரும் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். ஒரு வருஷத்தில் நாலு டயரா? நீ வண்டி ஓட்டுகிறாயா, டயரைக் கடித்துத் தின்கிறாயா?

லாரி ஆபீசில் எனக்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். 'தேயாத டயர்.' புது டிரைவர் வந்தால் முதலாளி அவனை என் வண்டிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு வருவார். "இந்த ஆளு ஓட்டினா ரோடு தேயும்டா, டயர் தேயாது" என்பார். அந்த ஆளின் மகள் இப்படிச் செய்தால் நான் எந்த முகத்தோடு பார்சல் ஆபீஸ் பக்கம் டீ குடிக்கப் போவது?

ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் என்கிறாய். எங்கே ஓடுகிறீர்கள், யாரோடு ஓடுகிறீர்கள், டயர் ஏன் அப்படிப் போகிறது, எல்லாம் விவரமாக எழுது.

சாப்பாட்டை விட்டுவிடாதே.
அப்பா

(பாப்பா, அவர் சொன்னதில் பாதியை நான் எழுதவில்லை. அச்சகத்தில் பிழை திருத்தியவன் எழுதக் கூடாத வார்த்தைகள் அவை. – மாமா)


மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கும் மாமாவுக்கும்,

நலமாக இருக்கிறேன். முழங்காலுக்கு ஒரு உறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொண்டு நடங்கள்.

அப்பா, இது பத்து வண்டி முட்டி மோதிக்கொண்டு ஓடுகிற பந்தயம் இல்லை, பயப்படாதீர்கள். ஊருக்கு வெளியே விமானம் இறங்காத ஒரு பழைய ஓடுதளம் இருக்கிறது. அதில் ஆரஞ்சுக் கூம்புகளை நிறுத்தி, வளைத்து வளைத்து ஒரு வழி அமைப்பார்கள். ஒரு சமயத்தில் ஒரே வண்டிதான். கடிகாரத்தோடுதான் போட்டி. ஒரு நாளில் ஆளுக்குச் சில ஓட்டம், அதில் சிறந்த நேரம் ஒன்றுதான் கணக்கு. கூம்பைத் தட்டினால் ஒரு கூம்புக்கு இரண்டு நொடி கூட்டிவிடுவார்கள். ஓடி முடித்தவர்கள் வெயிலில் நின்று அடுத்தவர்கள் தட்டிய கூம்பை எடுத்து வைக்க வேண்டும். எல்லோரும் என்னைப் போல வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள்.

நான் ஓடுவது தெரு டயர் வகுப்பு. வேலைக்குப் போகும் அதே வண்டியில்தான் ஓடுகிறேன். எங்கள் வகுப்பில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். என் வண்டி மாதிரியே வண்டி, நிறம்கூட அதேதான். மூன்று வருஷமாகக் கோப்பை அவர் வீட்டுக்குப் போகிறது. மூன்று வருஷமாக நான் இரண்டாவது. இந்த வருஷம் விட மாட்டேன் அப்பா. ஒரே ஒரு தடவை என் பெயர் அந்தக் கோப்பையில் இருக்க வேண்டும்.

டயர் தேய்வதற்குக் காரணம் திருப்பங்கள்தான். அதற்கும் ஒரு விதி இருக்கிறது. டயரின் பக்கத்தில் தேய்மான எண் என்று ஒன்று வார்த்திருக்கும். எண் கூடக் கூட டயர் நாள்பட உழைக்கும். எங்கள் வகுப்பில் அது இருநூறுக்குக் குறையக் கூடாது. ஓடுவதற்கு முன்னால் பரிசோதகர் குனிந்து ஒவ்வொரு டயராகப் பார்ப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். குறைந்தால் விசில் ஊதி வெளியே அனுப்பிவிடுவார், யார் என்று பார்க்க மாட்டார்.

வேறு விசேஷம் இல்லை. மாமா கண்ணைப் பரிசோதித்தாரா?

உங்கள் மகள்


ஏப்ரல் 6

அன்பு மகளுக்கு,

உறை வந்தது. போட்டதிலிருந்து ரேடியோ கொஞ்சம் அமைதி. மாமா கண்ணைக் காட்டிவிட்டு வந்தான். புதுக் கண்ணாடி, பழைய பார்வை.

நீ எழுதியதை இரண்டு நாள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருநூறு என்பது பாஸ் மார்க். நீயும் அந்தப் பல் டாக்டரும் பார்டரில் பாஸ் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஆனால் நீ படித்த காலத்தில் ஒரு வருஷமாவது பார்டரில் பாஸ் பண்ணினாயா? பிறகு இதில் மட்டும் என்ன?

மாமாவைக் கூட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனேன். எனக்கு எழுத்துதான் தெரியாது, எண் தெரியும். மைல்கல்லில் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்த்தே ஊர் ஊராகப் போனவன். உன் வண்டி டயர் அளவு நீ வண்டி வாங்கிய வருஷம் எழுதியிருந்தாய், அது மறக்கவில்லை. கடைப் பையன் முதலில் எடுத்துப் போட்டது இருநூறு. அப்புறம் இருநூற்று இருபது. அப்புறம் முன்னூறு. "இதுக்கு மேல இல்லியா?" என்றேன். உள்ளேயிருந்து முதலாளியே உருட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் விரலை வைத்துத் தடவினேன். ஐந்து, சைபர், சைபர். ரப்பரைக் கிள்ளிப் பார்த்தேன், என் நகம்தான் வலித்தது. டயர் என்றால் அது டயர்.

நாலும் பார்சல் லாரியில் வருகிறது. ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் சாக்கு சுருட்டி வைத்து நானே கட்டினேன். பல் டாக்டர் இருநூறு, என் மகள் ஐந்நூறு. உன் விசில் குனிந்து பார்த்துவிட்டுச் சல்யூட் அடிக்கட்டும்.

வந்து சேர்ந்ததும் எழுது.
அப்பா

(கடைக்காரர் நடுவில் ஏதோ சொல்ல வந்தார். அத்தான் விடவில்லை. – மாமா)


மே 19

அன்புள்ள அப்பாவுக்கும் மாமாவுக்கும்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மருத்துவமனையில் ஆள் குறைவு, இரண்டு பேர் வேலையை ஒருத்தி பார்க்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

டயர் நாலும் பத்திரமாக வந்தன. மறுநாளே மாட்டிவிட்டேன். அப்பா, எப்படித் தேடிப் பிடித்தீர்கள்! நெடுஞ்சாலையில் சத்தமே இல்லை. போன வாரம் கொட்டுகிற மழையில் வேலை முடிந்து வந்தேன், வண்டி அலைபாயவே இல்லை. மருத்துவமனைக் காவலாளி டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "யாரும்மா வாங்கினது?" என்று கேட்டார். "எங்கப்பா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலாவது வந்தேன். பல் டாக்டர் இரண்டாவது.

மாமா புதுக் கண்ணாடியோடு ஒரு படம் அனுப்பட்டும்.

உங்கள் மகள்


ஜூன் 2

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு வீட்டில் யாருக்கும் கால் தரையில் இல்லை. முழங்காலையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பார்சல் ஆபீசில் சொன்னேன். பழைய டிரைவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கேட்டார்கள். முடிவெட்டுபவரிடம் சொன்னேன். பாதித் தலையை அப்படியே விட்டுவிட்டு அவர் கத்தரியைக் கீழே வைத்துக் கேட்டார். "பொண்ணுக்கு ரேஸ் டயர் நீங்களா வாங்கிக் குடுத்தீங்க?" என்றார். "வேற யாரு வாங்கிக் குடுப்பா?" என்றேன். மூன்று வருஷமாக இரண்டாவது வந்தவள் டயர் மாறியதும் முதலாவது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஒன்று மட்டும் எழுதவில்லை நீ. கூம்பைச் சுற்றி ஒடிக்கும்போது டயர் என்ன சொல்கிறது? பின்பக்கம் கூடவே வருகிறதா, யோசித்து வருகிறதா? நான் கார் பந்தயம் பார்த்ததில்லை, ஆனால் திருப்பம் எனக்குத் தெரியும். அதை எழுது.

பல் டாக்டரை எடுத்தெறிந்து பேசாதே. தோற்றவனிடம் மரியாதையாக இரு.
அப்பா


ஆகஸ்ட் 10

அன்புள்ள அப்பாவுக்கும் மாமாவுக்கும்,

நீங்கள் இருவரும் நலமா? இங்கே ஜுரம் ஒன்று சுற்றுகிறது. எனக்கும் வந்து போய்விட்டது, கவலை வேண்டாம்.

நடுவில் இரண்டு பந்தயம் நடந்தது. ஒன்றில் நான் முதல், ஒன்றில் டாக்டர் முதல். வருஷத் தொடக்கத்தில் அவர் ஜெயித்ததையும் சேர்த்தால் இப்போது இருவரும் சம புள்ளியில் நிற்கிறோம். நவம்பரில் கடைசிப் பந்தயம். அன்றைக்கு யார் முந்துகிறாரோ அவருக்குக் கோப்பை.

உங்கள் டயர் இன்னும் புதுசு மாதிரியே இருக்கிறது. ஓரத்தில் இருக்கும் ரப்பர் முடிகூட உதிரவில்லை. இந்த டயரில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகலாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 24

அன்பு மகளுக்கு,

ஜுரம் வந்ததை வந்து போனபிறகு சொல்கிறாய். இனிமேல் வரும்போதே சொல்.

கடைசிப் பந்தயத்துக்கு நானும் மாமாவும் வருகிறோம். வேண்டாம் என்று எழுதாதே, டிக்கெட் எடுத்தாகிவிட்டது. என் டயரில் நீ ஓடுவதை ஒரு தடவை என் கண்ணால் பார்க்க வேண்டும். பார்சல் ஆபீசில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பார்க்காமல் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் சொல்கிறவனுக்கும் ருசி.

வந்தால் மூன்று நாள் இருப்போம். தரையில் படுக்க எனக்கு ஒன்றும் இல்லை, மாமாவுக்கு மட்டும் கட்டில் வேண்டும்.
அப்பா

(கூம்பு பற்றி அவர் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நான் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கோ ஒரு வரி விடுபட்ட மாதிரி இருக்கிறது. – மாமா)


செப்டம்பர் 15

அன்புள்ள மாமாவுக்கு,

இது உங்களுக்கு மட்டும். அப்பாவுக்குப் படிக்க வேண்டாம்.

விடுபட்ட வரி இதுதான். அந்த டயரில் நான் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை.

இருநூறு பாஸ் மார்க் இல்லை மாமா. இருநூறுக்குக் கீழே போகக் கூடாது என்றால், எல்லோரும் இருநூறில்தான் நிற்போம், ஒரு இம்மிகூட மேலே போக மாட்டோம். எண் குறைந்தால் ரப்பர் மெத்து. தரையைப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். எண் கூடினால் ரப்பர் கெட்டி. தேயாது, பிடிக்கவும் பிடிக்காது. ஐந்நூறு என்றால் எங்களுக்குக் கல். வேலைக்குப் போய்வர அதைவிட நல்ல டயர் கிடையாது. நான் எழுதியது ஒன்றும் பொய் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மைதானத்துக்குப் போய், அதைக் கழற்றி வைத்துவிட்டு, இருநூறை மாட்டித்தான் ஓடுகிறேன். ஜெயித்ததெல்லாம் அதில்தான்.

இப்போது அப்பா வருகிறார். கண் முன்னால் அவர் டயரைக் கழற்றிப் போடவா? பார்சல் ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிற மனிதர்.

நான் முடிவு செய்துவிட்டேன். அன்றைக்கு அவர் டயரிலேயே ஓடுவேன். கோப்பை போகும், தெரியும். மூன்று வருஷம் காத்திருந்ததுதான். அடுத்த வருஷம் ஒன்று இருக்கிறது.

அவரிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 28

அன்பு மருமகளுக்கு,

நலம். உன் கடிதத்தை அன்றே கிழித்துவிட்டேன். அத்தானுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கவரின் கனத்தைக் கையில் பிடித்தே உள்ளே எத்தனை தாள் என்று சொல்கிற ஆள். "பாப்பா எனக்கு ஒண்ணும் எழுதலியா?" என்று கேட்டார். "எனக்குக் கண்ணாடி பற்றி எழுதியிருக்கிறாள்" என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்தவர் எழுத்தில் பிழை பார்த்தே பிழைத்தவன் நான். உன் முடிவில் எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் பார்த்தால் பிழை, இன்னொரு பக்கம் பார்த்தால் சரி. அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அத்தானுடைய கண்ணை நீ குறைவாக எடை போடாதே.

அன்புடன்
மாமா


நவம்பர் 20

அன்பு மகளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நீ கட்டிக் கொடுத்த சாப்பாடு வழியில் போதுமானதாக இருந்தது, மாமா என் பங்கையும் சாப்பிட்டான்.

டயர் விஷயம் எப்படித் தெரிந்தது என்று ஊருக்குக் கிளம்பும் வரைக்கும் நீ என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாய். "ஒண்ணுமில்ல, விடு" என்றேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வரவில்லை. முதலில் நீ வண்டிக்குள் இருந்தாய், பிறகு கூம்பு எடுத்து வைக்கப் போய்விட்டாய். வெளியே என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன், மாமா எழுதட்டும்.

காலையில் முதல் ஓட்டம். முதல் திருப்பத்திலேயே உன் டயர் கத்தியது. எனக்குப் போன்தான் கேட்காது, டயர் பேசினால் கேட்கும். உனக்கு முன்னால் பல் டாக்டர் அதே இடத்தில் உன்னைவிட வேகமாகத் திரும்பினார். அவர் டயர் கத்தவில்லை, முனகியது. அடுத்த திருப்பத்தில் உன் வண்டி மூக்கை வெளியே தள்ளிக்கொண்டு போனது, ஒரு கூம்பு பறந்தது. மாமா கை தட்டினான். "எதுக்குடா தட்டுறே? அதுக்கு அபராதம்" என்றேன். "பயத்துல தட்டிட்டேன் அத்தான்" என்றான்.

இரண்டாவது ஓட்டத்தில் நீ என்ன செய்தாய் என்று அங்கே நின்ற யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். டயர் கத்தப்போகிற இடம் எது என்று முதல் ஓட்டத்திலேயே மனதில் வைத்துக்கொண்டாய். இரண்டாவதில் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே காலை எடுத்துவிட்டாய். ஒரு திருப்பத்திலும் சத்தம் இல்லை. ஒரு கூம்பும் அசையவில்லை. மலைப்பாதையில் முழுப் பாரத்தோடு இறங்கும்போது நான் ஓட்டுகிற ஓட்டு அது. உனக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. உன்னை லாரி ஓட்டவே விட்டதில்லை. எங்கிருந்து எடுத்தாய்?

பலகையில் பார்த்தேன். ஐந்தாவது.

அப்புறம் நீ அந்தப் பச்சை மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு கூம்புப் பக்கம் போனாய். நான் வண்டிகளுக்கு நடுவில் நடந்தேன். பல் டாக்டர் வந்து, "ஏதாவது தேடுறீங்களா ஐயா?" என்றார்.

"உங்க டயரைக் கொஞ்சம் கிள்ளிப் பாக்கலாமா?"

"தாராளமா பாருங்க. நான் தினமும் அடுத்தவங்க பல்லத் தட்டிப் பாக்குறவன்தானே."

கிள்ளினேன். நகம் உள்ளே போனது. எடுத்தபிறகும் தடம் நின்றது. பக்கத்தில் தடவினேன். இரண்டு, சைபர், சைபர். அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி, எல்லாம் இரண்டு, சைபர், சைபர். பாஸ் மார்க்கை எல்லோரும் ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அங்கேதான் எனக்கு விளங்கியது.

நின்ற இடத்திலேயே உன் கடிதங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். மே மாதம் நெடுஞ்சாலை எழுதினாய், மழை எழுதினாய், காவலாளி எழுதினாய். கூம்பு எழுதவில்லை. ஜூனில் நான் கேட்டேன். ஆகஸ்டில் நீ ஜுரம் எழுதினாய். ரப்பர் முடி உதிரவில்லை என்றாய். ஓரத்தில் சாய்ந்து சாய்ந்து ஓடுகிற டயரில் முடி எப்படி நிற்கும்? அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். பெருமையில் யோசிக்கவில்லை.

டாக்டரைக் கேட்டேன். "எம் பொண்ணு எப்பவும் எதுல ஓட்டும்?"

அவர் தன் டிரெய்லர் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். நாலு சக்கரம், நாலும் இருநூறு. "அதோட வண்டில இடம் இல்லன்னு எப்பவும் நான்தான் ஏத்திட்டு வருவேன். காலைல இறக்கப் போனேன். 'வேணாம் டாக்டர், இன்னிக்கு எங்கப்பா டயரு'ன்னு சொல்லிடுச்சு."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னேனே. 'இப்படி ஜெயிச்சு நான் கோப்பையைக் கொண்டுபோனா என் பொண்டாட்டியே வீட்டுக்குள்ள விட மாட்டா'ன்னேன். கேக்கணுமே! அப்பன் மாதிரியே பிடிவாதம் போலிருக்கு."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

நேரே விசிலிடம் போனேன். "நடுவுல டயர் மாத்தலாமா?" என்றேன். "இருநூறுக்குக் குறையாம இருந்தா எதை வேணா மாட்டுங்க பெரியவரே. ஆனா பிற்பகல் ஓட்டத்துக்கு முன்னாடி எங்கிட்ட காட்டணும்" என்றார்.

ஜாக்கி டாக்டருடையது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர். தோற்கப்போகிறவர் உட்கார்ந்து எதிராளிக்கு நட்டு முடுக்குவதை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. மாமா தன் புதுக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து நட்டெல்லாம் அதில் போட்டுக்கொண்டு பூசாரி மாதிரி பின்னாலேயே வந்தான். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் டயரை என் கையால் கழற்றினேன். அது எனக்கு வருத்தமாக இல்லை என்று உன்னிடம் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம். முதல் நட்டை அவிழ்க்கும்போது கொஞ்சம் இருந்தது. நாலாவது சக்கரத்துக்கு வரும்போது இல்லை.

நீ திரும்பி வந்தபோது நான் ஐந்நூறின் மேல் உட்கார்ந்திருந்தேன். டயரைப் பார்த்தாய். கறுத்துப் போயிருந்த என் கையைப் பார்த்தாய். "அப்பா..." என்றாய். "காத்து சரியா இருக்கா பாத்துக்கோ" என்றேன். நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். கடைசி ஓட்டத்தில் பலகையில் உன் எண் டாக்டருடைய எண்ணுக்கு மேலே ஏறியது. மாமா என்னிடம் படித்துச் சொல்ல வாயைத் திறந்தான். "எண்ணு எனக்குத் தெரியும்டா" என்றேன்.

இடுப்பைப் பார்த்துக்கொள்.
அப்பா

(அவர் அழுதார் என்று எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே எழுதவில்லை. – மாமா)


டிசம்பர் 1

அன்புள்ள அப்பாவுக்கும் மாமாவுக்கும்,

நலம். கடிதத்தைப் படித்துவிட்டு எக்ஸ்ரே அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே இருந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். டயர் வந்த அன்றைக்கு 'தப்பான டயர் அப்பா' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கட்டைப் பிரிக்கலாம் என்று எழுந்து போனேன். நடுவில் சாக்குச் சுருள். மேலே உங்கள் முடிச்சு, லாரியில் தார்ப்பாய்க்குப் போடுகிற அதே முடிச்சு. கத்தியால் அறுத்திருக்கலாம். எனக்கு அறுக்க மனம் வரவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். அவிழ்த்து முடித்தபோது அந்தக் கடிதத்தை எழுத முடியாது என்று தெரிந்துவிட்டது.

எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டீர்களே. சின்ன வயதில் லீவு நாளில் என்னை லாரியில் கூட்டிக்கொண்டு போவீர்கள். எஞ்சின் மூடிமேல் துணி விரித்துப் படுக்க வைப்பீர்கள். திருப்பத்தில் மற்ற டிரைவர் ஓட்டினால் உருண்டு விழுவேன். நீங்கள் ஓட்டினால் தூங்கிவிடுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இரண்டாவது ஓட்டத்தில், இந்த வண்டியில் ஒரு பிள்ளை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

கோப்பையைப் பார்சல் லாரியில் அனுப்பியிருக்கிறேன். அது உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். கட்டியது நான். அவிழ்க்க முடிகிறதா பாருங்கள்.

டாக்டர் உங்களை விசாரித்தார். அடுத்த வருஷம் அவருக்கும் டயர் மாட்ட வர வேண்டுமாம்.

உங்கள் மகள்


டிசம்பர் 14

அன்பு மகளுக்கு,

கோப்பை வந்தது. முடிச்சு நல்ல முடிச்சுதான், எனக்கே கொஞ்சம் வேலை வைத்தது. மாமா கத்தரியோடு வந்தான், விரட்டிவிட்டேன்.

கோப்பையில் உன் பெயர் எங்கே இருக்கிறது என்று மாமா என் விரலைப் பிடித்துக் காட்டினான். டயரில் எண்ணைத் தடவின மாதிரித் தடவிப் பார்த்தேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து என்று. இந்த வயதில் எனக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான். அதற்கு மேல் தேவையும் இல்லை.

அந்த ஐந்நூறை மாற்றிவிடாதே. தினமும் வேலைக்கு அதிலேயே போய் வா. மழையில் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கத்தான் அது பிறந்திருக்கிறது, கூம்புக்குப் பிறக்கவில்லை. எனக்குப் பின்னாலும் கொஞ்ச காலம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை நீ இருநூறை எவ்வளவு வேண்டுமானாலும் தின்னு, இனிமேல் நான் கேட்க மாட்டேன்.

பார்சல் ஆபீசில் இன்னும் என்னைச் சும்மா விடவில்லை. நேற்றுகூட ஒரு புது டிரைவர், "என்ன பெரியவரே, உங்க பொண்ணு கோப்பை வாங்கிடுச்சாமே?" என்றான்.

"அது சாயங்காலம்டா. மெத்து டயர் மாட்டினா யாரும் வாங்குவாங்க" என்றேன். "உக்காரு. டீ சொல்லு. அன்னிக்குக் காலைல, அத்தனை பேரும் இருநூறுல ஓட, எம் பொண்ணு ஐந்நூறை மாட்டிக்கிட்டு, ஒரு கூம்பும் அசையாம அஞ்சாவதா வந்தா பாரு, அதைச் சொல்றேன்."

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தேயாத டயர்